முயலைவிடச் சுவாரசியமாக

முப்பது டன் டிராமை
மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்,
குடையோடு நிற்பவரின் ஷூவில் சேறு தெறிக்காமல்
என்னால் நிறுத்த முடியும்.
த்ரோன்ட்ஹைம் நகரிலிருந்து லியான் மேடு வரை
பத்தொன்பது வருடம்.
ஒரு புகார்கூட இல்லை.

பதினெட்டுக் கிலோ நாயை முடியவில்லை.

மோல்ட்டே என்று பெயர்,
சதுப்பில் பழுக்கும் ஆரஞ்சுப் பழம்.
ரோரோஸ் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவர்
"மூக்கு முதல் தரம். காதுதான் கிடையாது"
என்று சொல்லித்தான் கொடுத்தார்.
நான் சிரித்தேன்.

செவ்வாய் மாலை வகுப்பு
டயர்க் கடையின் பின்பக்கச் சரளையில்.
பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே
குட்வெய்க் சொன்னார்:
"பெயரைத் தேய்த்துவிட்டாய், இங்குன்.
அவளுக்கு அது இப்போது வெறும் காற்று.
புதிதாக ஒரு சொல் எடு.
வருவாள் என்று தெரிந்தால் மட்டும் செலவழி.
அப்புறம், கயிறு இல்லாதபோது
முயலைவிடச் சுவாரசியமாக இரு."

எனக்கு ஐம்பத்து மூன்று வயது.
முயலைவிட.

'வாஃபிள்' என்று வைத்தேன்.
சமையலறையில் சொன்னேன், ஒரு விரல் ஈரல் பசை.
மாடிப்படியில் சொன்னேன், ஒரு விரல்.
குப்பைத்தொட்டியருகே, மழையில், தபால்காரர் முன்னால்.
மூன்றே வாரத்தில் என் கோட்டின் எல்லாப் பைகளும் ஈரல்.
பணிமனையில் நான் நுழைந்தால்
ஹல்வார்ட் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பான்.

ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் இருபது வரை
காட்டில் குஞ்சுகளின் காலம்,
நாய்கள் கட்டில் இருக்க வேண்டும், சட்டம்.
பத்து மீட்டர்க் கயிற்றின் நுனியில்
அவளைப்போல் ஒரு நல்ல நாய் நார்வேயில் இல்லை.
கயிறு இருப்பது அவளுக்குத் தெரியும்.
இல்லாதபோது
இல்லாததும் தெரியும்.

கொக்கியின் சத்தம்தான் எதிரியாம்.
'க்ளிக்' என்றால் வீடு. 'க்ளிக்' என்றால் எல்லாம் முடிந்தது.
அந்த அர்த்தத்தைக் கொல்வதற்காக
மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன்,
ஒரு நடைக்கு நாற்பது தடவை,
பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பித் திரும்பி
கதவை இழுத்துப் பார்ப்பவளைப்போல.

ஆகஸ்ட் இருபத்தொன்று, ஞாயிறு.
ஏரிக்கு மேலே நின்று கழற்றினேன்.
மூன்று நொடி என்னையே பார்த்தாள்,
நம்பாதவள்போல.
பிறகு பைன் மரங்களுக்கிடையே ஒரு பழுப்புக் கோடு.

வாஃபிள்.
வாஃபிள்!
வாஃபிள் வாஃபிள் வாஃ

மொத்தத்தையும் செலவழித்துவிட்டேன்.

வகுப்பில் சொன்ன கடைசி உபாயம் மிச்சமிருந்தது.
ஈரப் பாசியில் மல்லாந்து படுத்து
கால்களை உதைத்துக்கொண்டு கீச்சிட்டேன்.
எந்த நாயும் வந்து பார்க்காமல் இருக்காது என்றார்கள்.
வந்தது உடற்பயிற்சிக்கு ஓடும் ஒரு மனிதர்.
ஒரு காதுக்கருவியைக் கழற்றி
ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்றார்.
வேண்டாம், இது நாய்க்காக, என்றேன்.
எந்த நாய் என்று
சுற்றிலும் பார்த்தார்.

ஐம்பது நிமிடம் கழித்துப் போன் அடித்தது.
மலைமேல் மரக்குடிலின் சமையலறையிலிருந்து ஒரு பெண்.
கழுத்துப்பட்டையில் எண் இருந்ததாம்.
"அவசரமில்லை, மெல்ல வாருங்கள்.
எவ்வளவு ஒழுக்கமாக வளர்த்திருக்கிறீர்கள்!
வரிசையில் யார் வாஃபிள் கேட்டாலும்
ஓடிவந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள்."

இனி வேறொரு சொல் தேட வேண்டும்.
யாரும் விற்காதது,
பசித்தவர் வாயில் வராதது.
அகராதியை மடியில் வைத்திருக்கிறேன், 'க' தாண்டவில்லை.

இப்போது இரவு. கட்டிலடியில்
கயிறில்லாமல் தூங்குகிறாள்,
வயிறு முட்ட, ஜாம் வாசனையோடு.
நகங்கள் பலகையில் தட்டுகின்றன,
எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறாள்.
முன்னால் அந்த முயலாக இருக்கும்.

விளக்கை அணைக்குமுன்
தேய்ந்துபோன பழைய பெயரை
ஒரே ஒருமுறை, மெல்ல, சொல்லிப் பார்த்தேன்.

ஒரு காது மட்டும் வந்தது.